மீனைத் தண்ணீரில் விட்ட குற்றம்

என் மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும், உன் தம்பி பெண்டாட்டியும், மகளும், ஆறு மீன்களும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். சொல்லலாம். ஆனால் போனில் நான் "அக்கா, ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தாலே, "என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று நீ கேட்டுவிடுகிறாய். அதற்கப்புறம் எனக்கு வாய் எழுவதில்லை. கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. நீ எவ்வளவு கத்தினாலும் அடுத்த வரி அடுத்த வரியாகவே இருக்கும். ஆகவே தைரியமாக விஷயத்தை முதலிலேயே போட்டு உடைக்கிறேன். என் மகளின் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. நிறுத்தப்போகிறவர் மாப்பிள்ளை. காரணம் நான். அவருடைய ஆராய்ச்சி மீன்களை நான் தண்ணீரில் விட்டுவிட்டேன்.

"மீனைத் தண்ணியில விடாம வேற எங்கடா விடுவாங்க?" என்று கேட்கிறாய் அல்லவா? அதைத்தான் நானும் கேட்டேன் அக்கா! முதல் நாளே கேட்டேன்!

இந்த வரனைக் கொண்டுவந்தபோது நீ என்ன சொன்னாய்? "பையன் காலேஜ்ல ஆராய்ச்சி பண்றான், தங்கமான பையன்" என்றாய். என்ன ஆராய்ச்சி என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மருந்து கண்டுபிடிக்கிறார் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, தெருவில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்துவிட்டேன். போன வாரம் அவர் ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டைக் கட்டிப்பிடித்தபடி வாசலில் வந்து நின்றபோதுதான் சேதி தெரிந்தது. தட்டில் கூழாங்கல், கூழாங்கல்லின் மேல் நகத்தளவுக்கு ஈரம், ஈரத்தின் மேல் ஆறு மீன்கள் குப்புறப் படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கின்றன. பாம்புக்குச் செதிலும் துடுப்பும் வைத்தது மாதிரி ஒரு ஜாதி. அவர் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் பெயின்ட் அடிக்கிறார்களாம், அந்த நெடி மீனுக்கு ஆகாதாம். இவரோ ஒரு கருத்தரங்குக்காக வெளியூர் போகவேண்டுமாம். "ஒரு வாரம் இங்க இருக்கட்டும் மாமா, உங்களைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு வேற யாரு இருக்கா?" என்றார். வருங்கால மாப்பிள்ளை அப்படிச் சொன்னால் எந்த மாமனார்தான் உருகமாட்டான்?

அவர் உட்கார்ந்து விளக்கினார். எனக்குப் புரிந்த மட்டும் உனக்குச் சொல்கிறேன். ஆதியில் எலும்புள்ள பிராணி எல்லாமே தண்ணீருக்குள்தான் இருந்ததாம். தரையில் செடியும் பூச்சியும் மட்டும்தானாம். முப்பத்தேழு கோடி வருஷத்துக்கு முன்னால், சேறும் களையும் மண்டிய ஆழமில்லாத தண்ணீரில் சில மீன்கள் இருந்தனவாம். அந்தத் தண்ணீரில் காற்று குறைச்சல் என்பதால் தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்கினவாம். துடுப்புக்குள் தோள், முழங்கை, மணிக்கட்டு மாதிரி எலும்பெல்லாம் தண்ணீரிலேயே வளர்ந்துவிட்டதாம். "கால் வந்தது நடக்கறதுக்காக இல்ல மாமா. தண்ணிக்கடியில, செடிக்கு நடுவுல தள்ளிக்கிட்டுப் போறதுக்காக வந்தது. நடை அப்புறம்தான்" என்றார். மீனுக்குக் கழுத்தே கிடையாதாம், கரைப்பக்கம் வந்த பிறகுதான் கழுத்து உண்டாயிற்றாம். "அந்த வழியில வந்தவங்கதான் தவளை, பல்லி, பறவை, மாடு, நீங்க, நான் எல்லாரும்" என்று முடித்தார். நான் மரியாதையாகவே கேட்டேன்: "நமக்கு அது அப்பா வழியா, அம்மா வழியா?" "ரெண்டு வழியும்தான் மாமா" என்றார். அத்தான் வழி மட்டும் என்று சொல்லியிருந்தால் மறுபேச்சு இல்லாமல் ஒப்புக்கொண்டிருப்பேன்.

இந்த ஆறும் அந்தப் பழைய மீன்களுக்கு ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சொந்தமாம். செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. குஞ்சிலிருந்தே தண்ணீரில் விடாமல் ஈரத்தரையிலேயே வளர்த்தால் துடுப்பை ஊன்றி எப்படி நடக்கும், தோள் எலும்பு எப்படி மாறும் என்று பார்ப்பதுதான் இவருடைய ஆராய்ச்சி. இதே வயதில் இன்னொரு கூட்டம் தொட்டியில் நீந்தி வளர்கிறதாம். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டு எழுதினால் டாக்டர் பட்டம், பட்டம் வந்தால் உத்தியோகம், உத்தியோகத்தில் சேர்ந்த கையோடு கல்யாணம். இது அவரே போட்ட வரிசை. நாமும் தலையாட்டித் தேதி குறித்திருக்கிறோம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு மாமா. தண்ணியைப் பூவா தெளிங்க, போதும். எந்தக் காரணத்துக்காகவும் முழுத் தண்ணியில விட்டுடாதீங்க. ஒரு தடவை நீந்திட்டாலும் இத்தனை நாள் பட்ட பாடு வீணாயிடும்." கையில் ஒரு தெளிப்பான் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ரயிலேறிவிட்டார்.

அக்கா, நான் தண்ணீர் இலாகாவில் காலம் முழுக்கக் குப்பை கொட்டியவன். ஒழுகலைக் கண்டுபிடிக்கிற பிரிவு. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்டுச் சொல்கிற ஆள். தண்ணீர் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம். அப்படிப்பட்டவன் வீட்டில், பின்பக்கக் குளியலறையில், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன அருமையான பாத்டப் ஒன்று காலியாகக் கிடக்க, அதன் மேலேயே குறுக்குப் பலகை போட்டு, பலகையின் மேல் தட்டை வைத்து, தட்டில் மீன்களைக் காயப்போட்டிருந்தால் மனசு கேட்குமா? அதிலும் ஒரு மீன், மேனேஜர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன், ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும். நான் தெளிக்கும்போது தலையை நிமிர்த்தி வாயைத் திறந்து மூடும். "சார், கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க" என்று கேட்பது போலவே இருக்கும். இன்னொன்றுக்கு ஓடுகாலி என்று பெயர். அது வலை மூடியை முட்டி முட்டித் திறக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

உன் தம்பி பெண்டாட்டி இன்னொரு பக்கம். வந்த அன்றே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, மீனையே தண்ணி இல்லாம வெச்சிருக்கிறவரு நம்ம பொண்ணை எப்படிங்க வெச்சுக் காப்பாத்துவாரு?" என்று கேட்டாள். மகளுக்கு வந்ததே கோபம். "அம்மா, அது சயின்ஸ்" என்றாள். "சயின்ஸா இருந்தா தாகம் எடுக்காதா?" என்றாள் இவள். ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

குற்றம் நடந்தது ஒரு மத்தியானம். மனைவி கடைக்குப் போயிருந்தாள், மகள் ஆபீசில். நல்ல வெயில். தெளிக்கப் போனேன். மேனேஜர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். நான் தாங்குவேனா? "யாரும் பாக்கலைய்யா, கொஞ்ச நேரம்தான், காலை நனைச்சுட்டு வந்துடணும்" என்று அவற்றிடமே சத்தியம் வாங்கிக்கொண்டு, பலகையை நகர்த்தி, பாத்டப்பில் தண்ணீரைத் திறந்து, ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். அட, அதை என்னவென்று சொல்வேன் அக்கா! முதலில் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தன. என் உயிர் போய்விட்டது. அப்புறம் ஓடுகாலி மேலே வந்து சத்தமாக ஒரு மடக்குக் காற்றை விழுங்கியது. அவ்வளவுதான், ஆறும் புறப்பட்டன. சுழல்கிறது ஒன்று, குட்டிக்கரணம் அடிக்கிறது ஒன்று, மேனேஜரே துடுப்பை விசிறிக்கொண்டு மூலைக்கு மூலை போய்வருகிறார்! பிறந்ததிலிருந்து முழுத் தண்ணீரைக் கண்ணால் பார்க்காத மீன்கள் இவ்வளவு பழக்கமாக நீந்துகின்றனவே என்று அந்த நிமிஷமே எனக்கு ஓர் ஆச்சரியம். எல்லாம் முப்பத்தேழு கோடி வருஷத்துப் பரம்பரை ரத்தம் என்று நினைத்துப் புல்லரித்துப் போனேன். இன்னும் கொஞ்சம் ஆழம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடியை எடுத்துவரலாம் என்று கூடத்துக்குப் போனேன். கண்ணாடி சாய்வு நாற்காலியில் இருந்தது. நாற்காலியில் இருப்பதை எடுக்க அதில் உட்காரவேண்டியதாயிற்று. உட்கார்ந்தேன். சாப்பிட்ட களைப்பு. மின்விசிறி. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

மணி அடித்து எழுந்தேன். கதவைத் திறந்தால் கீழ்த்தளத்துப் பல் டாக்டர் நிற்கிறார். கையில் உறை, முகத்தில் மூடி, நெற்றியில் விளக்கு. "சார், மேலேருந்து ஏதாவது ஒழுகுதா? என் க்ளினிக்ல, பேஷன்ட் வாயில, நான் ஊத்தாத தண்ணி விழுது" என்றார். தூக்கக் கலக்கத்தில் எனக்குத் தொழில் அபிமானம்தான் முதலில் முழித்துக்கொண்டது. "டாக்டர், ஒழுகலைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க. இந்தக் கட்டடத்துக் குழாய் ஒவ்வொண்ணும் எனக்கு அத்துப்படி. ஒரு சொட்டு ஒழுகினாலும் நான் என் மீசையை எடுத்துடறேன்" என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கணுக்கால் வரை தண்ணீர். என் செருப்பு ஒன்று நிதானமாக வாசலைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே, இரண்டு துடுப்பையும் மாற்றி மாற்றி ஊன்றி, தலையை நிமிர்த்திக்கொண்டு, யாரையும் சட்டை பண்ணாமல், எங்கள் இருவர் காலுக்கும் நடுவே ஓடுகாலி நடந்து போயிற்று.

டாக்டர் நெற்றி விளக்கைப் போட்டுப் பார்த்தார். "சார்... அது மீனா?"

"பாத்தா அப்படித்தான் தெரியுது" என்றேன்.

"நடக்குதே?"

"அதுக்குத்தான் டாக்டர், அதை வளர்க்கிறோம்" என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? அதற்குள் ஓடுகாலி மாடிப்படி விளிம்புக்கு வந்து, கீழே எட்டிப் பார்த்து, முதல் படியில் பொத்தென்று விழுந்து, சுதாரித்து, இரண்டாவது படிக்கு நடந்து, பொத்தென்று விழுந்து, தண்ணீரோடு தண்ணீராக இறங்க ஆரம்பித்துவிட்டது. பின்னாலேயே மற்றவையும் வருகின்றன! கடைசியில் மேனேஜர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளை இத்தனை நாள் தட்டில் வைத்துக் கொஞ்சிக் கெஞ்சி நடக்கச் சொன்ன மீன்கள், என் வீட்டுப் படியில் ஊர்வலம் போகின்றன. அவர் பார்க்கவேண்டிய காட்சியைப் பல் டாக்டர் பார்க்கிறார். குழாயை மூட உள்ளே ஓடுவதா, மீனைப் பிடிக்கக் கீழே ஓடுவதா? தண்ணீர் இலாகாக்காரன் குழாய்க்குத்தான் ஓடினேன். இலாகாவுக்கு என் உயிர் எப்போதும் கடமைப்பட்டது. மூடிவிட்டு, பக்கெட்டும் கையுமாகக் கீழே வந்து பார்த்தால், படியிலேயே நான்கு அகப்பட்டுவிட்டன. மேனேஜர் டாக்டரின் செருப்பின் மேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகாலியை மட்டும் காணோம். க்ளினிக் கதவு திறந்திருந்தது.

உள்ளே காத்திருக்கும் அறையில் ஒரே ஒரு பேஷன்ட், வாயில் தண்ணீர் விழுந்த அதே ஆள். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று வெளியே உட்கார வைத்திருந்தார்கள். பாவம், கன்னம் உப்பி, வாய் கோணி இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, "ஆ... ஊ... ஈ..." என்று கையை ஆட்டினார். "மரத்துப்போச்சா? வெரிகுட், அப்படியே உக்காருங்க" என்று டாக்டர் அவரை அழுத்தி உட்கார வைத்தார். நான் ஓடிப்போய் என் பழைய இரும்புக் கம்பியை எடுத்துவந்து தரையில் ஊன்றிக் காதில் வைத்தேன். அலமாரிக்குப் பின்னால் உறுமல் சத்தம் தெளிவாகக் கேட்டது. "பின்னாடிதான் இருக்கு, நகர்த்துங்க!" என்றேன். நானும் டாக்டரும் நர்சும் சேர்ந்து மருந்து, அச்சுப்பல், நாற்காலி எல்லாவற்றோடும் அலமாரியை நகர்த்தினோம். பின்னால் டாக்டரின் காற்று மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் பேஷன்ட் மறுபடி எழுந்து, தரையில் கிடந்த தன் ஹெல்மெட்டைக் காட்டி, "ஈ! ஈ!" என்று குதிக்கிறார். "கிளம்பணுமா? பயப்படாதீங்க சார், ஒரு பல்லுதானே. சரி, இன்னொரு நாள் வாங்க" என்று டாக்டர் அன்போடு ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் மாட்டிவிட்டார்.

அக்கா, அந்த மனிதர் போட்ட சத்தத்துக்கு மரத்துப்போன வாய் ஒரு தடையாகவே இல்லை. ஓடுகாலி ஹெல்மெட்டுக்குள்தான் போய்ச் சுருண்டு படுத்திருந்தது! ஈரமாக, இருட்டாக, மெத்தென்று இருந்தால் எந்த மீனுக்குத்தான் பிடிக்காது? அது கண்ணாடிப் பக்கமாக முகத்தை நீட்டி அவர் மூக்கை நேருக்கு நேர் பார்த்தது. அவர் ஹெல்மெட்டை வீசியெறிய, நான் பக்கெட்டை நீட்ட, உள்ளே வந்து விழுந்தது மீன். கிரிக்கெட்டில் அப்படி ஒரு கேட்சை நான் பிடித்ததில்லை. டாக்டர் சண்டைக்கு வருவார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ மீனின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்து, "அடேங்கப்பா, என்ன ஒழுங்கான வரிசை! சார், பல்லும் மீன்லேருந்துதான் நமக்கு வந்ததுன்னு படிச்சிருக்கேன். ஒரு விதத்துல இவங்கதான் எனக்குத் தொழில் குடுத்த முதலாளி" என்று சொல்லிவிட்டு, சீலிங் காய்ந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று போய்விட்டார். பேஷன்ட் மட்டும் வேறு டாக்டரைப் பார்க்கப்போவதாகச் சைகையில் சொன்னார்.

மீன்களைத் தட்டில் வைத்து மூடினேன். வீட்டைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கத்தான் செய்த காரியம் உறைத்தது. நீந்திவிட்டன! ஆறும் ஆசை தீர நீந்திவிட்டன! இனி இவை தரையில் வளர்ந்த மீன் என்று மாப்பிள்ளை எந்த முகத்தோடு எழுதுவார்? ஆராய்ச்சி போச்சு, பட்டம் போச்சு, உத்தியோகம் போச்சு, கல்யாணம்... என் மகள் சுபாவம் உனக்குத் தெரியும். வாய்விட்டு அழமாட்டாள். அவர் வாங்கிக் கொடுத்த பழைய மீன் எலும்புப் படத்தை, யாரோ நடிகர் படம் மாதிரி மேஜையில் வைத்திருக்கிறாள். அவள் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவள் சின்ன வயதில் ஆசைப்பட்டு வாங்கிய எதையும் நான் உடைத்ததில்லை அக்கா. இப்போது போய் இதை உடைத்துவிட்டேன்.

இன்னொரு விஷயம் என்னைக் கொல்கிறது. தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் சிந்தினால் ஊரைக் கூட்டுகிற உன் தம்பி பெண்டாட்டி, அன்று வீடு முழுக்க ஈரத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்று கூடக் கேட்கவில்லை. "மாப் எங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். மகளும் வந்தாள். மீன்களைப் பார்த்தாள், பாத்டப்பைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்காமல் அறைக்குள் போய்விட்டாள். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. அதனால்தான் என்னோடு பேசமாட்டேன் என்கிறார்கள். நான் மீன்களுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்த வீட்டில் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவது மேனேஜர் ஒருத்தர்தான்.

ஆகவே அக்கா, உன் காலில் விழுந்து கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருவதற்குள் நீ அவரிடம் பேசிவிடு. இந்தக் குடும்பத்திலேயே இளகின மனசுக்காரி நீதான். ஓர் எறும்பை மிதித்தால்கூட உனக்குத் தூக்கம் வராது. உன் குரலில் ஒரு குழைவு உண்டு. பக்குவமாக ஆரம்பி. முதலில் உடம்பு, வேலை எல்லாம் விசாரி. பிறகு, "தம்பிக்கு வயசாயிடுச்சு, கை நடுக்கம், தவறிப்போய்த் தட்டு பாத்டப்புல விழுந்துடுச்சு" என்று சொல். கை நடுக்கம் எனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும் என்றால் நிலநடுக்கம் என்று சொல். அதுவும் எடுபடாவிட்டால் உண்மையையே சொல்லிவிடு: அந்த ஆளுக்கு மீன் வாயைத் திறந்தால் தாங்காது, மற்றபடி நல்லவன் என்று. தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுக்கட்டும், என் மகள் தலையில் வைக்கவேண்டாம். மிச்சமுள்ள என் ஆயுசை அவர் தட்டில் படுத்துத் துடுப்பால் நடக்கச் சொன்னாலும் நடக்கிறேன். இந்தக் கல்யாணம் இப்போது உன் கையில்தான் இருக்கிறது.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். அவருடைய முழங்கால் வலிக்குத் தண்ணீருக்குள் நடந்தால் நல்லது என்று மாப்பிள்ளை சொன்னார், முயன்று பார்க்கச் சொல். நீ மூத்தவள், எனக்கு ஆசி சொல்லவேண்டியவள். திட்டி முடித்த பிறகு, குரலில் ஏதாவது மிச்சமிருந்தால், சொல்லு.

என்றும் உன் அன்புக்கும் அடிக்கும் பழகிய,
தம்பி

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போட்டு, ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார்! கருத்தரங்கு சீக்கிரமே முடிந்துவிட்டதாம். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே குளியலறைக்குப் போனார். நாங்கள் மூவரும் பின்னால் போய் நின்றோம். அவர் குனிந்து மேனேஜரைப் பார்த்து, "எல்லாம் ஒழுங்கா இருந்துதா மாமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன். என்னை முந்திக்கொண்டு உன் தம்பி பெண்டாட்டி ஓவென்று அழுதுவிட்டாள். "மன்னிச்சுடுங்க மாப்பிள்ளை, தினம் காலையில இவரு வாக்கிங் போனதும் நான்தான் ஒரு பக்கெட்ல விட்டு எடுப்பேன். மனசு கேக்கல" என்றாள். நான் திகைத்துப்போய் மகளைப் பார்த்தால், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சாயந்தரம் நான்" என்றாள். அப்புறம் நான் என் மத்தியானத்தை, டாக்டர், ஹெல்மெட் உட்பட ஒப்புவித்தேன்.

மாப்பிள்ளை பாத்டப் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போச்சு, கல்யாணம் போச்சு என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்தபடி, யாரோ ஒட்டுக்கேட்பது போலத் தாழ்ந்த குரலில், "மாமா... நானும்தான்" என்றார். லீவு நாட்களில், ப்ரொஃபசர் இல்லாத நேரம் பார்த்து, ஆய்வுக்கூடத்துக் கைகழுவும் தொட்டியிலாம். குஞ்சிலிருந்தேயாம்! "அதுங்க வாயைத் திறந்து மூடும் மாமா, உங்களுக்குத்தான் தெரியுமே" என்றார். எங்களுக்குத் தெரியாதா! முதலில் மகள் சிரித்தாள், பிறகு அவர், பிறகு எல்லோரும். நாங்கள் போட்ட சத்தத்தில் பல் டாக்டர் மறுபடி ஒழுகலோ என்று மேலே ஓடிவந்துவிட்டார்.

ஆகவே அக்கா, மேலே எழுதியது அத்தனையும் ரத்து. நீ யாரிடமும் எதையும் பேசவேண்டாம். கல்யாணம் குறித்த தேதியிலேயே நடக்கிறது. பட்டம் அப்புறம் வரட்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். "முதல்ல கரையேறுவோம், நடை தன்னால வரும்" என்கிறாள். மாப்பிள்ளையும் புதுக்குஞ்சுகளை வைத்து முதலிலிருந்து ஒழுங்காக ஆரம்பிக்கப்போகிறார். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. இந்த முறை அவற்றை வளர்க்கிறவர் இரக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லாதவராக இருக்கவேண்டும். எவ்வளவு வாயைப் பிளந்து காட்டினாலும் அசைந்துகொடுக்கக் கூடாது. அப்படி யாராவது நம் குடும்பத்தில் உண்டா என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் உன் பெயரைச் சொன்னோம்.

இளகின மனசு, குரலில் குழைவு, எறும்பு ஆகிய இடங்களை மட்டும் தயவுசெய்து அடித்துவிட்டு வாசித்துக்கொள். வியாழக்கிழமை மாப்பிள்ளை முதல் அழைப்பிதழையும் மீன் தட்டையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறார். இரண்டையும் மறுக்காமல் வாங்கிக்கொள். அத்தானை மட்டும் எக்காரணம் கொண்டும் அந்த அறைப் பக்கம் விட்டுவிடாதே. அவர் எங்கள் கட்சி.